எப்போதாவது விமானம் ஏறுகிறவர்களுக்கு எந்தப் பெட்டி? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுடையது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் சின்னக் கடை. பெட்டி விற்பதில்லை. ஆனால் டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் பாதிப் பேர் கேட்பது பெட்டியைப் பற்றித்தான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவர்கள், பிள்ளையை வெளியூரில் படிக்க அனுப்புகிறவர்கள், முதல் தடவையாகக் கூச்சிங் போய்ப் பார்க்க நினைக்கிறவர்கள், இவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. மாதத்துக்கு நாலு முறை பறக்கிறவர்களுக்கு இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் போகிறோம். பெட்டிக்கு எவ்வளவு காசு போடலாம்?

24 அங்குலப் பெட்டி ஒன்றுக்கு 150 முதல் 250 வெள்ளி (ரிங்கிட்) வரை போட்டால் போதும் என்பது எங்கள் கணக்கு. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 70, 80 வெள்ளிக்குக் கிடைப்பது பார்க்கப் பளபளவென்று இருக்கும். சக்கரமும் இழுபிடியும்தான் அதில் கைவிடும். 500 வெள்ளிக்கு மேல் போவது வாரா வாரம் விமான நிலையத்தில் நிற்கிறவர்களுக்கு. உங்கள் பெட்டி விமானத்தில் இருப்பது இரண்டு வருஷத்தில் எட்டு மணி நேரம். மிச்ச நாளெல்லாம் அலமாரி மேல்தான். அதனால் காசைச் சக்கரம், இழுபிடி, ஜிப்பு இந்த மூன்றிலும் போடுங்கள். வெளி ஓட்டின் மினுமினுப்புக்கு ஒரு சென்னும் அதிகம் தர வேண்டாம்.

கெட்டி ஓட்டுப் பெட்டி நல்லதா, துணிப் பெட்டி நல்லதா?

எப்போதாவது போகிற குடும்பத்துக்கு நாங்கள் துணிப் பெட்டியைத்தான் சொல்வோம். கடைக்குப் போனால் விற்பனைக்காரர் சிரிப்பார், ஏனென்றால் இப்போது கடை முழுக்க அடுக்கியிருப்பது கெட்டிப் பெட்டிதான். இருந்தாலும் காரணம் உண்டு. ஒன்று, அதே விலையில் துணிப் பெட்டி பெரும்பாலும் எடை குறைவு. இரண்டு, வெளியே பாக்கெட் இருக்கும். கடைசி நேரத்தில் சட்டையோ செருப்போ செருகலாம். மூன்றாவதுதான் முக்கியம்: கெட்டிப் பெட்டி நடுவில் பிளந்து இரண்டு பாதியாக விரியும். திருச்சியில் அத்தை வீட்டுச் சின்ன அறையில், ஏற்கெனவே ஐந்து பேர் பாய் போட்டுப் படுத்திருக்கும் இடத்தில், அதை விரித்து வைக்க இடம் தேடிப் பாருங்கள், தெரியும். துணிப் பெட்டி மூடியை மட்டும் தூக்கினால் போதும்.

மழையில் நனைவது துணிப் பெட்டியின் குறை. விமானத்துக்குப் பக்கத்தில் பெட்டி வண்டி மழையில் நின்றால் உள்ளே ஈரம் இறங்கும். உடுப்பை நெகிழிப் பைகளில் பிரித்துப் போட்டால் அந்தக் கவலையும் தீரும். உடையக்கூடிய சாமான், வெண்கல விளக்கு, கண்ணாடிப் பாத்திரம் அதிகம் கொண்டு வருகிறவர்கள் மட்டும் கெட்டிப் பெட்டி பார்க்கலாம்.

துணிப் பெட்டி வாங்கினால் சீட்டில் டெனியர் எண்ணைப் பாருங்கள். அது நூலின் தடிமனைச் சொல்வது. 600 என்பது சாதாரணம், 1200, 1680 என்றால் நல்ல கனம். எண் மட்டும் போதாது, மூலைகளில் தையல் இரட்டையாக இருக்கிறதா, அடி மூலையில் நெகிழிக் காப்பு வைத்திருக்கிறார்களா என்பதையும் தடவிப் பாருங்கள். கிழிவது எப்போதும் அங்கிருந்துதான்.

ஏபிஎஸ், பிசி, பிபி என்று ஒட்டியிருக்கிறதே, அது என்ன?

ஓட்டின் நெகிழி வகை. ஏபிஎஸ் மலிவு, விறைப்பாக இருக்கும், பலமாக அடிபட்டால் வெடிப்பு விடும். பிசி என்பது பாலிகார்பனேட். அடிபட்டால் உள்ளே அமுங்கி மறுபடி எழும்பும், விலை கூடுதல். இரண்டையும் கலந்து 'ஏபிஎஸ் + பிசி' என்று விற்பதும் உண்டு. எவ்வளவு பிசி கலந்திருக்கிறது என்று பெரும்பாலும் எழுத மாட்டார்கள், அதனால் அந்தச் சொல்லுக்காக விலை ஏற்றித் தர வேண்டாம். பிபி என்பது பாலிபுரொப்பிலீன். அதுவும் வளைந்து கொடுக்கும், அடி தாங்கும், விலை பிசி அளவுக்குப் போகாது. கெட்டிப் பெட்டிதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் எங்கள் வாக்கு பிபிக்கு.

கடையில் ஓட்டின் நடுவில் இரண்டு கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் உள்ளே போய் உடனே திரும்பினால் நல்லது. அசையவே இல்லையென்றால் உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் முதலில் வெடிப்பது.

உறுதி மட்டும் போதும் என்றால் தாத்தா பாட்டி தமிழ்நாட்டிலிருந்து ரஜுலா கப்பலில் கொண்டு வந்த இரும்பு டிரங்குப் பெட்டிக்கு நிகரே இல்லை. சில வீடுகளில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதன் எடையை விமான கவுண்டரில் யார் கட்டுவது?

இரண்டு சக்கரமா, நாலு சக்கரமா?

இந்தக் கேள்வியை இன்னும் அதிகம் பேர் கேட்க வேண்டும். விமான நிலையத்தின் வழுவழுத் தரையில் நாலு சக்கரம் சுகம், ஒரு விரலால் தள்ளிக்கொண்டு போகலாம். உங்கள் பயணம் அங்கேயா தொடங்குகிறது? தோட்டத்து லயத்திலிருந்து செம்மண் பாதை, அப்புறம் கல் பெயர்ந்த தார் ரோடு, ரயில் நிலையப் படி, கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் தள்ளுமுள்ளு. நாலு சக்கரப் பெட்டியில் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறது. ஒரு கல் குழியில் மாட்டி வெடுக்கென்று இழுத்தால் அந்தக் கால்தான் முறியும். பெட்டியை ஏற்றி இறக்கும்போது தரையில் மோதுவதும் அதே கால்தான்.

இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரம் பாதி உடம்புக்குள் புதைந்திருக்கும், அளவும் பெரிது. சாய்த்து இழுக்க வேண்டும், கைக்குக் கொஞ்சம் பாரம். ஆனால் மணல், கல், வாய்க்கால் பலகை எல்லாவற்றிலும் வரும். ஈடிஎஸ் ரயிலிலும் அது தானாக உருண்டு அடுத்த ரயில் பெட்டி வரைக்கும் போகாது.

முட்டி வலி, முதுகு வலி உள்ள பெரியவர்களுக்கு மட்டும் நாலு சக்கரம். அவர்களை எப்படியும் வாசலிலேயே கார் ஏற்றிப் போய் டெர்மினலில் இறக்குவீர்கள். நாலு சக்கரம் எடுத்தால் ஒவ்வொரு காலிலும் இரட்டைச் சக்கரம் உள்ளதாக எடுங்கள்.

இன்னொன்று. கடையில் பெட்டியைத் திறந்து உள்துணியில் இருக்கும் சின்ன ஜிப்பை இழுங்கள். உள்ளே கையை விட்டால் சக்கரமும் இழுபிடியும் எதில் பூட்டியிருக்கிறது என்று தெரியும். திருகாணி தெரிந்தால் பின்னால் கழற்றி மாற்றலாம். ரிவிட் அடித்திருந்தால் மாற்றுவது சிரமம். உள்துணிக்கு ஜிப்பே இல்லையென்றால் அந்தப் பெட்டியைச் செய்தவர் யாரும் அதைப் பழுது பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை என்று அர்த்தம்.

இழுபிடியை எப்படிச் சோதிப்பது?

முழுக்க இழுத்து இடம் வலம் ஆட்டுங்கள். லேசாக ஆடுவது இயல்பு. 'கடகட' என்று அடித்தால் வேண்டாம். பத்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள், ஒரு தடவை சிக்கினாலும் அடுத்த பெட்டிக்குப் போய்விடுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

28 அங்குலமே வாங்கிவிடலாமா? நிறைய சாமான் போகுமே.

நிறையப் போகும், அதுதான் தொல்லை. பெட்டியின் அளவை வீட்டுச் சாமானைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிக்கெட்டில் எத்தனை கிலோ எடுத்திருக்கிறீர்களோ அதைப் பாருங்கள். 24 அங்குலத்தில் சுமார் 60, 70 லிட்டர் இடம். துணிமணி போட்டால் 20 கிலோவுக்கு அருகில் வந்து நிற்கும். 28 அங்குலம் 90 லிட்டரைத் தாண்டும். அதில் மைலோ, பிஸ்கட், தைலம் எல்லாம் அடுக்கினால் 30 கிலோ சாதாரணமாக வரும். 20 கிலோதான் எடுத்திருக்கிறீர்கள் என்றால் கவுண்டர் முன்னால் பெட்டியைத் திறந்து உட்கார வேண்டியதுதான். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் உங்கள் துவைத்த துணியையெல்லாம் பார்ப்பார்கள்.

பெட்டியின் சொந்த எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். 5 கிலோ பெட்டி வாங்கினால் 20 கிலோவில் கால் பங்கு காலி. 24 அங்குலத்தில் மூன்று, மூன்றரை கிலோவுக்குள் தேடுங்கள்.

இரண்டு பேர் போனால் ஒரு பெரிய பெட்டியை விட இரண்டு நடுத்தரப் பெட்டி நல்லது. ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எவ்வளவு காசு கட்டினாலும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்காது, ஏனென்றால் அதைத் தூக்குகிறவர்களின் முதுகைக் காக்க வைத்த வரம்பு அது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. என்பது பல நிறுவனங்கள் வைத்திருக்கும் அளவு. 30, 32 அங்குலப் பெட்டிகள் சில அதைத் தாண்டும்.

ஊரிலிருந்து திரும்பும்போது எடை கூடும் என்பதையும் முன்கூட்டியே நினையுங்கள். புடவை, பூஜைச் சாமான், முறுக்கு என்று சேரும். போகும்போது 20, வரும்போது 30 என்று டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிட்டால் கவுண்டரில் கட்டுவதை விடக் குறைவாக முடியும்.

கையோடு கொண்டு போகும் பெட்டிக்கு 7 கிலோ என்கிறார்களே, உண்மையில் எடை போடுவார்களா?

போடுவார்கள். சில நாள் போட மாட்டார்கள். அதை நம்பிப் போகாதீர்கள். ஏர் ஏசியாவில் கைப்பெட்டியும் சின்னப் பையும் இரண்டும் சேர்ந்துதான் 7 கிலோ. பெட்டி 56 x 36 x 23 செ.மீ.க்குள், பிடியும் சக்கரமும் உட்பட. கடைகளில் '20 அங்குலம்' என்று எழுதியிருப்பதைச் சிலர் சக்கரத்தை விட்டுவிட்டு அளப்பார்கள், அதனால் அளவு நாடாவைக் கையோடு எடுத்துப் போங்கள். சக்கரம் வைத்த கைப்பெட்டியே இரண்டரை, மூன்று கிலோ வரும். மிச்சம் நாலு கிலோவுக்கு எதற்குச் சக்கரம்? முதுகில் மாட்டும் நல்ல துணிப்பை அரை கிலோ, ஒரு கிலோதான். இளையவர்களுக்கு நாங்கள் அதையே சொல்வோம்.

ஜிப்பும் பூட்டும்?

சுருள் ஜிப்பு, பல் ஜிப்பு என்று இரண்டு வகை. சுருள் வகையில் பால்பாயின்ட் பேனா முனையை நடுவில் குத்தினால் வாய் பிளந்துவிடும், உள்ளே கையை விட்டு எடுத்த பிறகு ஜிப்புத் தலையை அப்படியே ஓட்டினால் மறுபடி மூடிக்கொள்ளும். வெளியே ஒன்றுமே தெரியாது. இரண்டு தலையையும் சேர்த்துத் தொங்கு பூட்டுப் போட்டாலும் அவை சேர்ந்தே நகரும். தலைகளைப் பெட்டி உடம்பில் இருக்கும் பூட்டுக்குள்ளே செருகிப் பூட்டும் வகை என்றால் நகராது, திறந்தது தெரிந்துவிடும். ஆகவே பூட்டின் பருமனைப் பார்க்காதீர்கள், தலை நகருகிறதா என்று பாருங்கள். நகை, பாஸ்போர்ட், பணம், மருந்து எதுவும் கவுண்டரில் கொடுத்து அனுப்பும் பெட்டியில் வேண்டாம், அவ்வளவுதான்.

டிஎஸ்ஏ பூட்டு அமெரிக்க அதிகாரிகள் உடைக்காமல் திறப்பதற்காக வந்தது. அமெரிக்கா மாதிரி அந்தச் சாவி வைத்திருக்கும் நாடுகளுக்குப் போகாதவர்களுக்கு அதனால் கூடுதல் பயன் இல்லை. 2015-இல் அதன் பொதுச் சாவிகளின் முப்பரிமாண அச்சு வரைவுகளே இணையத்தில் பரவிவிட்டன.

பிராண்ட் பார்த்து வாங்கணுமா?

சக்கரம் கிடைக்குமா, பழுது பார்க்கும் இடம் இருக்கிறதா என்பதற்காகப் பார்க்கலாம். அமெரிக்கன் டூரிஸ்டர், கமிலியன்ட் இரண்டுமே சாம்சனைட் குடும்பம்தான். பேரங்காடிகளில் தள்ளுபடி வரும்போது நடுத்தர விலைக்கு இறங்கும். 3 வருஷம், 10 வருஷம் என்று உத்தரவாதம் எழுதியிருந்தால் சின்ன எழுத்தையும் படியுங்கள். பெரும்பாலும் அது செய்முறைக் கோளாறுக்குத்தான், விமானத்தில் தூக்கிப் போட்டு உடைந்ததற்கு இல்லை.

நாலு வருஷமாக அலமாரி மேல் புதுசாகவே இருந்த பெட்டி. எடுத்து இழுத்தால் சக்கரம் பொடிப் பொடியாக உதிர்கிறது. எப்படி?

எங்கள் கடைக்கு அதிகம் வரும் புகார் இது. நீங்கள் ஏமாற்றப்படவில்லை. பல பெட்டிகளின் சக்கரத்து மேல்பட்டை பாலியுரேத்தேன் என்ற பொருளில் செய்தது. காற்றில் உள்ள ஈரம் அதை மெல்ல மெல்ல உள்ளுக்குள் அறுத்துவிடும். உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் இது நடக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் சீக்கிரமே நடக்கும். துணிப் பெட்டியின் உட்பக்கத்தில் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசிய படலமும் பெரும்பாலும் இதே பொருள்தான். அது பிசுபிசுத்துத் துணியில் ஒட்டும், செதில் செதிலாக உரியும்.

முழுதாகத் தடுக்க முடியாது, தள்ளிப் போடலாம். வாங்கிய நெகிழி உறையைப் போட்டு இறுக்கி மூடி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். சமையலறை, குளியலறைச் சுவரை ஒட்டி வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே கொதிக்கும் பரணும் வேண்டாம். உள்ளே செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு, பிஸ்கட் டின்னில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து இரண்டு போடுங்கள். தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது பெட்டியையும் திறந்து வெயில் படாத காற்றில் ஒரு நாள் வையுங்கள்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இறக்கி, பத்துக் கிலோ அரிசி மூட்டையை உள்ளே வைத்து வாசலில் இழுத்துப் பாருங்கள். சக்கரத்து விளிம்பை நகத்தால் கீறினால் மாவு மாதிரி வந்தால் மாற்ற வேண்டும். பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஷாப்பி இணையக் கடையில் மாற்றுச் சக்கரம் அச்சோடு சேர்த்து விற்கிறார்கள். விட்டம், அகலம், அச்சின் தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து வாங்குங்கள். பழைய அச்சு ரிவிட்டாக இருந்தால் இரும்பறுக்கும் ரம்பத்தால் சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் அறுத்து எடுத்துவிட்டுப் புதியதை ஸ்பேனரால் முடுக்கலாம். மோட்டார் பட்டறையில் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் செய்து தருவார்கள். ரப்பர் மாதிரி இருக்கும் டிபிஇ, டிபிஆர் சக்கரம் கிடைத்தால் அதையே எடுங்கள், ஈரத்துக்கு அவ்வளவாக அஞ்சாது.

மைலோ அட்டைப் பெட்டியில் கட்டிக் கொண்டு போகலாமா?

போகலாம், எத்தனையோ பேர் போகிறார்கள். புதிய, இரட்டை அட்டைப் பெட்டியாக எடுங்கள். மூட்டுகளில் அகலமான டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டுங்கள். நைலான் கயிறு கட்டினால் முனை தொங்கக் கூடாது, பெட்டி ஓடும் பட்டையில் சிக்கும். நனைந்தாலும் கிழிந்தாலும் நிறுவனம் பொறுப்பேற்காது. போகும்போது அன்பளிப்புச் சாமானுக்கு அட்டைப் பெட்டி, வரும்போது அது வேண்டாம் என்பது நல்ல வழிதான். செலவே இல்லை.

எதை எதில் வைக்கக் கூடாது?

பவர் பேங்க் கைப்பையில் மட்டும், கீழே போகும் பெட்டியில் ஒருபோதும் வேண்டாம். 100 வாட் மணிக்குள் (Wh) என்றால் தனி அனுமதி தேவையில்லை; 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட் மணி. சார்ஜ் போடும் 'ஸ்மார்ட்' பெட்டி வாங்கினால் பேட்டரி கழற்ற வருகிறதா என்று பாருங்கள், கழறாவிட்டால் ஏற்ற மாட்டார்கள். வெளிநாடு போகும் விமானத்தில் கோடாலித் தைலம், ஊறுகாய், நெய் எல்லாம் 100 மில்லிக்கு மேல் என்றால் கீழே போகும் பெட்டிக்கு. இந்தியாவிலிருந்து திரும்பும்போது கொப்பரைத் தேங்காய் எதிலும் வேண்டாம். எண்ணெய்ச் சத்தால் தீப்பற்றும் பொருள் என்று எடுத்து வைத்துவிடுவார்கள்.

எல்லாப் பெட்டியும் கறுப்பாகவே வருகிறது. எப்படி அடையாளம் வைப்பது?

கறுப்பு வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் பிடியில் பழைய புடவைக் கரையைச் சுற்றித் தைத்துவிடுங்கள், கட்டினால் அவிழும். பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய தாளை உள்ளேயும் ஒன்று வையுங்கள். போன பயணத்தின் பட்டைக்கோடு ஒட்டுத்தாள்களை எல்லாம் உரித்துவிட வேண்டும். ஸ்கேன் செய்யும் இயந்திரம் பழையதைப் படித்தால் பெட்டி வேறெங்காவது போகும்.

பெட்டி உடைந்து வந்தால்?

பெட்டி வரும் மண்டபத்தை விட்டு வெளியே வராதீர்கள். பட்டைக்குப் பக்கத்திலேயே நின்று படம் எடுத்து, சாமான் சேவைக் கவுண்டரில் சேத அறிக்கை எழுதி அதன் நகலை வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தீர்கள் என்றால், மலேசியாவும் இந்தியாவும் சேர்ந்திருக்கும் 1999 மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். கீறல், அழுக்கு, லேசான நசுங்கல் இதற்கெல்லாம் ஒன்றும் தர மாட்டார்கள். சக்கரம் பிய்ந்தாலும் 'தேய்மானம்' என்று சொல்லிப் பார்ப்பார்கள். கிளம்பும் முன் நாலு பக்கமும் எடுத்த படம் இருந்தால் பேச வாய் இருக்கும். நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் அடுத்து சிஏஏஎம் என்ற மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். முன்பு இதைக் கவனித்த மாவ்கோம் ஆணையம் 2025 ஆகஸ்டு 1 முதல் அதோடு இணைந்துவிட்டது.

ஒரே ஒரு தடவைதான் போகப் போகிறேன். வாங்கித்தான் ஆகணுமா?

வேண்டாம். அண்ணன் வீட்டிலோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கேளுங்கள். தாமானில் (குடியிருப்பில்) பாதி வீட்டில் பெட்டி சும்மாதான் கிடக்கிறது. வாங்கும் முன் சக்கரத்தை மட்டும் கீறிப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அதில் ஒரு பொட்டலம் அல்வா இருந்தால் அடுத்த தடவையும் கிடைக்கும்.

வீட்டில் எடை பார்க்க வழி இல்லை.

தொங்கவிட்டுப் பார்க்கும் சின்ன மின்தராசு இருபது, முப்பது வெள்ளிக்கு நெகிழிச் சாமான் கடையிலேயே கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்றால் பெட்டியைக் கட்டி எங்கள் கடைக்குக் கொண்டு வாருங்கள். தராசு வாசலிலேயே இருக்கிறது, காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு.